மட்டத்துக்கு மேலே ஒரு விரல்

பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், இரண்டு கார் நிற்க இடமுள்ள பட்டறை கமாலுதீனுடையது. போன நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு ஒரு கியர்பாக்ஸைத் தனியாகத் தூக்கப் போனார். முதுகில் ஏதோ நழுவியது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர், நடக்கலாம், உட்காரலாம், குனியக்கூடாது, தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். கார் பழுதுபார்க்கிறவனைப் பார்த்துக் குனியாதே என்பது மீன்பிடிக்கிறவனை நனையாதே என்பது மாதிரிதான்.

பட்டறை பல மாதம் பூட்டிக் கிடந்தது. இடத்துக்காரி நோர்மா நல்ல பெண்மணி. ஆனாலும், காப்பிக் கடை வைக்க ஆள் கேட்கிறார்கள், விட்டுவிடலாமா என்று இரண்டு தடவை நயமாகக் கேட்டுவிட்டாள். அப்போதுதான் கமாலுதீனின் மனைவி சித்தி ஆயிஷா ஒரு வழி சொன்னாள். அவளுடைய தம்பி ஹஸ்ருல் ஃபேக்டரி வேலையை விட்டு வீட்டில் இருந்தான். கை அவனுடையது, வாய் இவருடையது. ஒரு காரை அப்படிச் செய்து பார்ப்பது. சரிப்பட்டால் பட்டறை இருக்கும். இல்லையென்றால் நோர்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

வந்த கார் தனுஜாவுடையது. 'கஞ்சில்' என்கிற மலேசியக் குட்டிக் கார், பழையது. வார நாளில் அதில் கடல் பாலம் தாண்டிப் பட்டர்வொர்த்துக்கு வேலைக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை அதே காரை மலைப்பாதையில் விரட்டுவாள். வேகம் கூட்ட அந்தச் சின்ன இஞ்சினுக்கு டர்போ வைக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தீவில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் கமாலுதீனைத் தேடித்தான் வருவார்கள்.

டர்போ வைப்பதில் ஒரு சங்கடமான இடம் உண்டு. அது சுழல்வதற்கு இஞ்சினிலிருந்து எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போகும். ஆனால் வெளியே வரும் எண்ணெயைத் தள்ள யாரும் இல்லை. தன் கனத்தாலேயே கீழே விழுந்து, இஞ்சினின் அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டிக்கு, பட்டறை வழக்கில் சம்ப்புக்கு, திரும்பவேண்டும். அதற்காகச் சம்ப்பின் முன்சுவரில் துளை போட்டு ஒரு குழாய்வாயைப் பற்றவைப்பார்கள். அந்த வாய் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். மூழ்கிப்போனால் எண்ணெய் இறங்க வழியில்லாமல் டர்போவுக்குள்ளேயே தேங்கும். பிறகு புகையாக வெளியேறும்.

கமாலுதீன் இதைச் செய்த கார்களுக்குக் கணக்கில்லை. ஆனால் ஒருவருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவருக்கே யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜெலுத்தோங்கில் அவர் வேலை பழகிய சீன முதலாளி, அந்தத் தவ்க்கே, பேசாத மனிதர். தப்புச் செய்தால் ஸ்பானரால் முட்டியில் ஒரு தட்டு, சரியாகச் செய்தால் அதுவும் இல்லை. அப்படிப் பழகிய வேலையை இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வார்த்தையாக்க வேண்டியிருந்தது.

இஞ்சினைச் சூடாக்கி நிறுத்தியதும் ஹஸ்ருல் காருக்கு அடியில் நுழைந்தான்.

"மச்சான், சுடுது!"

"சுடணும்டா. சுடலேன்னா மட்டம் எப்படித் தெரியும்? துணிய நனைச்சு சம்ப்ப முன்பக்கம் துடை. எண்ணெ நிக்கிற வரைக்கும் சட்டுனு காயும். அதுக்கு மேல ஈரமா நிக்கும். பாத்தியா?"

"ஆமா லா, கோடு போட்ட மாதிரி தெரியுது."

"அந்தக் கோட்டுக்கு மேல ஒரு விரல் வச்சு மார்க் பண்ணு."

"யாரு விரல்? உங்க விரலா, என் விரலா?"

"உன் விரல்தான் தடிப்பு. அதையே வை."

தே தாரிக் டீ கொண்டுவந்த ஆயிஷா சிரித்தாள். "வாயாலேயே கார் செய்யிற ஆள் பினாங்கிலேயே எங்க மச்சான் ஒருத்தர்தான்."

ஹஸ்ருல் சம்ப்பைக் கழற்றினான், துளை போட்டான். துரப்பணத்தின் சத்தம் மாறும்போதெல்லாம் கமாலுதீனின் கை தானாக நாற்காலிப் பிடியை இறுக்கியது. "அமுக்காதே... முடியப் போகுது, கையைத் தளர விடு." பற்றவைத்த பிறகு பெட்ரோலால் கழுவி, இரும்புத்தூள் ஒன்றுகூட இல்லையென்று காந்தத்தால் துழாவி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிவு பார்த்து, எல்லாம் முறைப்படி நடந்தது. காரை முடுக்கினார்கள். புகையில்லை. அரை மணி நேரம் ஓடவிட்டார்கள். ஒரு நூல் புகைகூட இல்லை. தனுஜா சந்து அதிரக் கிளப்பிக்கொண்டு போனாள். அன்றைக்குக் கமாலுதீன் வலி மாத்திரையை மறந்தே போனார்.

மறுநாள் காலை சந்து முனையில் நீலப்புகை தெரிந்தது. கார் வந்து சேருமுன்பே தனுஜாவின் குரல் வந்தது.

"அங்கிள்! பாலத்துல பின்னால வந்த லோரிக்காரன் ஹார்ன் அடிச்சே கொன்னுட்டான். கார் எரியுதுன்னு நினைச்சுட்டான் போல."

ஹஸ்ருலின் முகம் செத்துவிட்டது. காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினான். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் புகை மெலிந்து, நின்றேபோனது.

"இது என்ன மச்சான் கூத்து? வெளிய போனா புகையுது, உள்ள வந்தா நின்னுடுது."

கமாலுதீன் காரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். காலையில் ஆயிஷா கழுவிவிட்ட தண்ணீர் பின்சுவரிலிருந்து வாசல் சாக்கடையை நோக்கி இன்னும் வழிந்துகொண்டிருந்தது. மழைத்தண்ணீர் தங்காமலிருக்கப் போட்ட சரிவு. மூக்கை உள்ளே விட்டு நிற்கிற கார் எதுவானாலும் முன்பக்கம் ஏறித்தான் நிற்கும்; எண்ணெய் பின்பக்கம் ஒதுங்கும். முன்சுவரில் தெரிந்த கோடு உண்மையான மட்டமில்லை. சமதரைக்குப் போனதும் எண்ணெய் முன்னால் வந்து குழாய்வாயை மூடிவிட்டது.

இத்தனை வருஷம் இதே தரையில்தான் அவர் மல்லாந்து கிடந்து கோடு பார்த்திருக்கிறார். ஒரு காரும் புகைந்ததில்லை. அவருடைய கை, அவரைக் கேட்காமலேயே, கோட்டுக்கு மேலே இன்னும் இரண்டு விரல் தள்ளி வைத்திருக்கிறது. சரிவு முதுகுக்குத் தெரியும், முதுகு கைக்குச் சொல்லும். வாய்க்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. எவ்வளவு மேலே என்று நேற்றுக் கேட்டிருந்தால்கூட, ஒரு விரல் என்று சத்தியம் செய்திருப்பார்.

"நீங்க சொன்ன மாதிரியேதானே வச்சேன் மச்சான்?"

"நீ சரியாத்தான் வச்சே. தப்பு என் பேச்சுல." தனுஜாவின் பக்கம் திரும்பினார். "சம்ப்ப இன்னொரு தடவ கழட்டி, வாய ஏத்தி வச்சா போதும்மா. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"யாரு கழட்டுவா அங்கிள்?"

அவர் ஹஸ்ருலைப் பார்த்தார். அவன் கைத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோச்சுக்காதீங்க. நீங்க கீழ படுத்துச் செய்வீங்கன்னா சொல்லுங்க, இப்பவே சாவியக் கொடுத்துட்டுப் போறேன்." அவள் குத்திக்காட்டவில்லை. சாவியை நிஜமாகவே நீட்டினாள்.

கமாலுதீன் எழுந்தார். முன்சக்கரத்துக்கு மேலே கையை ஊன்றி ஒரு முழங்காலை மடக்கினார். பாதிகூட மடங்கவில்லை, இடுப்பிலிருந்து குதிகால்வரை ஒரு வலி வெட்டி இழுத்தது. நிமிரவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் அப்படியே நின்றார். ஆயிஷா ஓடிவந்து கக்கத்தில் தாங்கினாள். "போதும், விடுங்க. அல்லாவே, விடுங்க மச்சான்."

தனுஜா சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் இழுவை லோரிக்குப் போன் செய்தாள். செபராங் ஜெயாவில் தெரிந்த பட்டறை ஒன்று இருக்கிறதாம்.

லோரி காரை ஏற்றிக்கொண்டு நகரும்போது கமாலுதீன் வாசலுக்கு வந்தார். "தனுஜா! சமதரையில நிறுத்தி அளக்கச் சொல்லும்மா! மறக்காம சொல்லு, சமதரை!" லோரியின் இரைச்சலில் அவள் கையசைத்தாள். புரிந்து அசைத்தாளோ, விடைபெற அசைத்தாளோ.

ஹஸ்ருல் சோப்புத்தூளால் கை கழுவிக்கொண்டிருந்தான். கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"மச்சான், ஒண்ணு கேட்கவா? இந்த மாதிரி நீங்க சொல்லாம விட்டது இன்னும் எவ்வளவு இருக்கு?"

"தெரியலடா. தெரிஞ்சா சொல்லிருப்பேனே."

அவன் தலையாட்டினான். பழைய ஃபேக்டரி சூப்பர்வைசரிடம் வேலை கேட்டுப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி மோட்டார் சைக்கிளை எடுத்தான். போகாதே என்று சொல்ல கமாலுதீனிடம் காரணம் எதுவும் இல்லை.

ஆயிஷா கைப்பேசியோடு நின்றாள். "பட்டறைச் சாவியப் பத்தி நோர்மாகிட்ட பேசிரவா?"

அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் வாசற்பக்கம் போய் மலாயில் பேச ஆரம்பித்தாள். எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவது மரியாதையில்லை; முதலில் நலம் விசாரித்தாள். நோர்மாவின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது போலிருந்தது. ஆணா பெண்ணா, யார் சாயல், என்ன பெயர், தாய்க்குப் பால் இருக்கிறதா என்று பேச்சு நீண்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த கமாலுதீன், அந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்பதற்கு ஆயிஷாவிடம் இன்னும் ஏதாவது மிச்சமிருக்கவேண்டுமே என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.