செல்லோவுக்குள் கடலை

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, மாலை 6.50. ஈப்போவில் நாலு மணிக்குப் பிடித்த மழை ஆறரைக்குத்தான் விட்டது. கூரைத் தகரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது, நிமிடத்துக்கு ஏறக்குறைய நாற்பது சொட்டு. அன்று சரஸ்வதி பூசை. அந்த நேரத்தில்தான் நான் என் மகளின் செல்லோமீது மூன்று கைப்பிடி பொரிகடலையைத் தூவினேன்.

சொட்டை எண்ணச் சொன்னது யார் என்று கேட்கலாம். யாரும் சொல்லவில்லை. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் நாடா பிடித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு அளக்க நிலமில்லை, அதனால் கண்ணில் படுவதையெல்லாம் எண்ணுகிறேன். மகளின் இசைக்குழு ஒத்திகை பார்க்கும் கட்டடத்தில் மாடிப்படி முப்பத்து நாலு. நடைகூடத்து விளக்குகள் பதினொன்று, எரிபவை எட்டு. மகள் பிறந்தபோது எனக்கு வயது ஐம்பது. இப்போது அவளுக்குப் பதினாலு. அந்தக் கட்டடத்துக் காவலாளி ஒவ்வொரு சனிக்கிழமையும், "பேத்தியைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று மலாயில் கேட்பார். முதல் ஒன்பது தடவை திருத்தினேன். பத்தாவது தடவையிலிருந்து தலையாட்டிவிட்டுப் படியேறுகிறேன்.

செல்லோ என்பது வயலினைப் போலவே இருக்கும், ஆனால் ஆளுயரத்தில் முக்கால். உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லால் வாசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது எங்களுடையது அல்ல, இளையோர் இசைக்குழு இரவல் கொடுத்தது. நான் அதை அளந்துதான் வீட்டுக்குள் விட்டேன். நீளம் நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர். காரின் பின்சீட்டில் சாய்த்து வைத்தால் கதவுக்கும் அதற்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி. இரண்டு வருடத்தில் எழுபத்தொரு வகுப்புக்கு அதைத் தூக்கிப் போயிருக்கிறேன். முதல் ஆறு மாதம் அதிலிருந்து வந்த சத்தத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. ஈப்போவின் புந்தோங் பகுதியில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் வேலியோரம் நின்று, "அண்ணே, வீட்ல பலகை அறுக்கிறீங்களா? எனக்கும் ரெண்டு அலமாரி வேணும்லா" என்றார். அதுவே போதும்.

மறுநாள் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மகளுக்குத் தேர்வு. வருடக் கடைசிக் கச்சேரிக்கு செல்லோ நாற்காலிகள் நாலு, வாசிக்கும் பிள்ளைகள் ஐந்து. ஐந்தாவதாக வரும் பிள்ளை செல்லோவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அது வரிசையில் காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போகும். இன்னொரு செல்லோ வாங்க என் ஓய்வூதியம் இடம் கொடுக்காது. ஆகவே தேர்வில் பின்தங்கினால் கச்சேரியோடு செல்லோவும் போய்விடும்.

இதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் வெள்ளிக்கிழமை மகளோடு மல்லுக்கு நின்றேன். பூசையில் வைத்த புத்தகத்தையும் கருவியையும் மறுநாள் காலை விசயதசமிப் பூசை முடியும்வரை தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

"அப்பா, நாளைக்கு ஓடிஷன்லா. ராத்திரி வாசிக்கணும்."

"ஒரு ராத்திரி வாசிக்காம இருந்தா மறந்துடுமா?"

"அப்போ மேத்ஸ் புக்கையும் வைங்க. அதையும் தொடமாட்டேன்."

"மேத்ஸ் புக் வேணாம். திங்கக்கிழமை டெஸ்ட் இருக்கு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கொஞ்சம் குறுகினேன். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. ஆறரை வரை வாசித்துக்கொள்ள அனுமதி கொடுத்தேன், பெரிய மனதோடு.

மனைவி மருத்துவமனையில் தாதி. அன்று அவளுக்கு மாலை முறை, அதனால் பூசை என் பொறுப்பு. புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "பெட்டியோட சாமிகிட்ட வைங்க. பொட்டும் பெட்டிக்கே வைங்க. பெட்டிய தொறக்காதீங்க."

பெட்டியைத் திறந்தேன். மூடிய பெட்டியை வைத்தால் சரஸ்வதி எதைப் பார்த்து ஆசி கொடுப்பாள் என்று ஒரு நியாயம் தோன்றியது. மகள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், வெள்ளை வேட்டியை நாலாக மடித்து விரித்து, அதன்மீது செல்லோவை மல்லாக்கப் படுக்க வைத்தேன். வார்னிஷ் கெட்டுவிடும் என்று சந்தனத்தைப் பெட்டிக்கு மட்டும் வைத்தேன். அந்த அளவுக்கு எச்சரிக்கை எனக்கு இருந்தது. அதற்கு அப்புறம்தான் பொரிகடலை.

என் அப்பா பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கர். அங்கே ஆயுத பூசையன்று தராசு, உருளை இயந்திரம், லாரி எல்லாவற்றுக்கும் மாலை போட்டு, சூடம் காட்டி, கடைசியில் தலைக்குமேல் பொரியை வாரி இறைப்பார்கள். இறைக்காவிட்டால் பூசை முடிந்ததாகவே கணக்கில்லை. லாரிக்குள் பொரி விழுந்து லாரி கெட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. என் அலுவலகத்திலும் அளவைக் கருவிகளுக்கு அப்படியே செய்தோம். கை தானாகச் செய்தது. மூன்று கைப்பிடி.

செல்லோவின் மார்பில் இரண்டு பக்கமும் வளைவாகத் திறப்புகள் உண்டு. நான் காரின் கதவு இடைவெளியை அளந்தவன், பின்சீட்டின் சாய்வை அளந்தவன். இந்தத் திறப்பை அளக்கவில்லை. பிறகு அளந்தேன்: நடுவில் ஏழு மில்லிமீட்டர், கீழ் வட்டத்தில் பதினாலு. கடலையின் குறுக்களவு ஆறு.

சனிக்கிழமை காலை ஏழரைக்குச் சூடம் காட்டி முடித்ததும், செல்லோவை எடுத்து நிமிர்த்தினேன். உள்ளே ஏதோ சலசலவென்று உருண்டு ஓடியது. மெதுவாகச் சாய்த்தேன். திரும்பவும் ஓடியது. மனைவி மாலை முறை முடிந்து இரவு வெகுநேரம் கழித்து வந்த அலுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள், மகள் தோசை தின்றுகொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து மீகூன் நூடுல்ஸ் சாப்பிடும் குச்சி ஒன்றை எடுத்துவந்து திறப்பு வழியாக விட்டுத் துழாவினேன். கடலை வரவில்லை. உள்ளே ஏதோ மரத்தில் குச்சி 'டக்'கென்று இடித்தது. பயந்து எடுத்துவிட்டேன். மகள் வந்து, "என்னப்பா பண்றீங்க?" என்றாள். "தூசி தட்டுறேன்" என்றேன். குச்சியால் தூசி தட்டும் மனிதனை அவள் ஒரு கணம் பார்த்துவிட்டு, செல்லோவைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

சொல்லியிருக்கலாம். தேர்வுக்கு முன்னால் பிள்ளையைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கடலை ஒரு மூலையில் தங்கி அமைதியாக இருக்கும் என்றும் நம்பினேன். மனைவி எழுந்துவிடுவாளோ என்ற பயம்தான் உண்மை.

தேர்வு அறையில் குளிர்சாதனம் கெட்டிருந்ததால் கதவு திறந்தே கிடந்தது. நான் நடைகூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், கதவுக்கு நேரே. செல்லோ ஆசிரியை நடுத்தர வயதுச் சீனப் பெண்மணி. கண்டிப்பானவர், ஆனால் கோபித்து நான் பார்த்ததில்லை. மகள் அமர்ந்து, தடித்த கம்பியில் வில்லை வைத்து இழுத்தாள்.

கர்ர்ர்.

ஆசிரியை நிறுத்தச் சொன்னார். கம்பிகளைத் தாங்கும் மரப் பாலத்தைத் தட்டினார், கம்பிகளைத் திருகினார், காதை வைத்துக் கேட்டார். மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடி கர்ர்ர். உள்ளே கட்டை பெயர்ந்திருக்கலாம், விரிசல் விட்டிருக்கலாம் என்றார். இரவல் கருவியை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதும் தேர்வில் ஒரு பகுதி என்பதை அவர் இரண்டு வருடமாகப் பெற்றோரிடம் சொல்லிவந்திருக்கிறார். மகளிடம் நேராகக் கேட்டார், "கீழே போட்டாயா?"

"இல்ல டீச்சர்."

"பிறகு எப்படி?"

"தெரியல, டீச்சர்."

நான் நாற்காலியில் இருந்தேன். எழவில்லை. அறையில் சுவர்க்கடிகாரம் இருந்தது, அதன் சிவப்பு முள்ளைப் பார்த்தேன். பதினொரு வினாடி. தலை குனிந்திருந்த மகளின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே பதினொரு வினாடி எண்ணினேன். மற்ற கணக்கெல்லாம் எனக்குப் பொழுதுபோக்கு. அந்தக் கணக்கை மட்டும் எண்ணாமல் இருந்திருக்கலாம்.

பன்னிரண்டாவதில் எழுந்து உள்ளே போனேன்.

"டீச்சர், உள்ள கடலை இருக்கு."

ஆசிரியை புரியாமல் பார்த்தார். மலாயில் சொன்னேன்: "காச்சாங்."

"காச்சாங்?"

"காச்சாங், டீச்சர். நேத்து பூசை. சாமிக்குப் போட்டது. நான்தான் போட்டேன். பிள்ளைக்குத் தெரியாது."

அறுபத்து நாலு வயதில், அரசாங்க ஓய்வூதியம் வாங்கும் ஒருவன், ஒரு செல்லோவுக்குக் கடலை ஊட்டியதை ஒப்புக்கொள்ளும் காட்சி அடிக்கடி காணக் கிடைப்பதல்ல. நடைகூடத்தில் இருந்த பெற்றோர்கள் கதவருகே வந்துவிட்டார்கள். ஆசிரியை உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "சரி, பிடிங்க" என்றார்.

நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், மகள் கழுத்துப் பக்கம். மூவருமாக செல்லோவைக் குப்புறக் கவிழ்த்து, தொட்டிலாட்டுவதுபோல் மெதுவாக ஆட்டினோம். ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. கடலை ஆறு, பொரி நாலு, செவ்வந்தி இதழ் ஒன்று. ஒவ்வொன்று விழும்போதும் வாசலில் நின்ற பெற்றோர்கள் சேர்ந்து எண்ணினார்கள். எனக்கு உதவியாக.

திரும்ப வாசித்தபோது எல்லாம் சரியாக இருந்தது, ஒரு சுரத்தைத் தவிர. எங்கேயோ ஒரு கடலை ஒட்டிக்கொண்டு, அந்தச் சுரத்தில் மட்டும் லேசாக இருமியது. "அதை நான் கேட்கவில்லை, வாசி" என்றார் ஆசிரியை. அவள் தயாரித்த பகுதியில் அந்தச் சுரம் ஒன்பது இடத்தில் வந்தது. ஒன்பது தடவையும் நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை, முகமும் மாறவில்லை.

ஐந்து மணிக்கு முடிவு சொன்னார்கள். மகளுக்கு நாலாவது நாற்காலி. கருவியைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டி ரசீது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஐந்தாவதாக வந்த சிறுமியின் செல்லோவில் கடலை எதுவும் கிடையாது. அவளுடைய தாயாரை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். மூன்றாவது சிவப்பு விளக்கில் கேட்டேன்.

"உனக்கு எப்ப தெரிஞ்சது?"

"மத்தியானம் கார்ல போறப்பவே. ரோட்டு பம்ப் மேல ஏறுறப்பலாம் பின்னாடி சலக்கு சலக்குன்னு கேட்டுச்சேப்பா."

"அப்புறம் ஏன் டீச்சர்கிட்ட தெரியலன்னு சொன்ன?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

விளக்கு பச்சையானது. பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது.

"லேட்டாதான் சொன்னீங்க," என்றாள் கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி. "ஆனா சொல்லிட்டீங்கலா. போலாம், பச்சை விழுந்துடுச்சு."

வீட்டில் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். யார் சொன்னார்களோ, செய்தி முன்னாலேயே வந்திருந்தது.

"பெட்டிய தொறக்காதீங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன."

"எத்தன தடவ?"

"ஒரு தடவ. வாசல்ல."

"மூணு. ரெண்டு வாட்சப்ல இருக்கு, பாருங்க."

பார்த்தேன். இருந்தது.

திங்கட்கிழமை பழைய நகரத்தில் ஒரு மாடிக் கடைக்கு செல்லோவைத் தூக்கிப் போனேன், பத்தொன்பது படி. பழுதுபார்ப்பவர் அதிகம் பேசாத சீனக் கிழவர். என்னைவிட மூத்தவர் என்பதில் எனக்கு ஒரு சந்தோசம். பல் வைத்தியர் வைத்திருப்பதுபோன்ற சிறு கண்ணாடியை உள்ளே விட்டு, விளக்கடித்து, வளைந்த கம்பியால் ஏழாவது கடலையை வெளியே எடுத்தார். உள்ளே நிற்கும் சிறு மரத்தூண் நகர்ந்திருக்கிறது, யாரோ குச்சியால் குத்தியிருக்கிறார்கள் என்றார். யார் என்று கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். தூணை நிறுத்திச் சரிசெய்து முடித்ததும், பித்தப்பையில் எடுத்த கல்லை நோயாளியிடம் கொடுக்கும் டாக்டரைப்போல, கடலையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ரசீதோடு சேர்த்துக் கையில் கொடுத்தார்.

இப்போது ஒத்திகைக்குப் போனால் பெற்றோர்கள் எனக்கு வேர்க்கடலைப் பொட்டலம் நீட்டுகிறார்கள். காவலாளிகூட "காச்சாங்" என்றுதான் கூப்பிடுகிறார். தாத்தா என்று கூப்பிடுவதற்கு இது பரவாயில்லை. மகள் பெட்டியின் உள்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறாள்: 'சாமி, பெட்டியைப் பார்த்தால் போதும்.' அடுத்த பூசைக்கு நான் அதை மூடியே வைப்பேன். மேத்ஸ் புத்தகத்தையும் சேர்த்து வைப்பதாக எழுதியே கொடுத்திருக்கிறேன்.

பழுதுபார்த்த கூலி நூற்றைம்பது ரிங்கிட். கார் நிறுத்திய கட்டணம் ஒரு ரிங்கிட் இருபது சென். ஆசிரியைக்கும் பிள்ளைகளுக்கும் வாங்கிப்போன கேக் முப்பத்தாறு ரிங்கிட். பொரிகடலைப் பொட்டலம் இரண்டு ரிங்கிட் ஐம்பது சென். மொத்தம் 189 ரிங்கிட் 70 சென்.