யாருக்கும் இல்லாத பேரு

தெருவில் "ஜன்னத்து!" என்று யார் கூப்பிட்டாலும் பக்கத்து வீட்டு ஜன்னத் உடனே திரும்ப மாட்டாள். முன்னும் பின்னும் பார்த்து, வேறு ஜன்னத் இல்லையென்று தெரிந்த பிறகே திரும்புவாள். அரபியில் ஜன்னத் என்றால் சொர்க்கம். லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் மட்டும் ஐந்து சொர்க்கங்கள் இருந்தன.

1998இல் அவளுக்குப் பெண் பிறந்தது.

"எம் மவளுக்காவது தெருவுல யாருக்கும் இல்லாத பேரு வேணும்டி. மர்ஜியா. அல்லாவுக்குப் பிடிச்சவன்னு அர்த்தமாம். பேரு வைக்கிற வரைக்கும் மூச்சு விடாத" என்றாள் என்னிடம். துபாயிலிருந்த கணவர் அன்சார் சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி.

வெள்ளிக்கிழமை கவுஸ் பாய் கடைக்கு அவர் போன் செய்தார். தெருவுக்கே அந்த ஒரு போன்தான். "ஜன்னத்து, துபாய் போனு!" என்று கவுஸ் பாய் கத்த, ஐந்து பேரும் ஓடினார்கள்; ஐவரின் கணவர்களும் துபாயில்தான். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்ட கடைசி வீட்டு ஜன்னத் லாத்தா முதலில் பிடுங்கினார். இரைச்சலில், பேசுவது தன் கணவர் இல்லை, அன்சார் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"புள்ளைக்கு மர்ஜியான்னே வச்சிரு."

"மர்ஜியாவா? கட்டிக்கொடுத்த புள்ளைக்கு இப்ப என்னாத்துக்கு மச்சான் பேர மாத்துறீங்க?" என்று லாத்தா அலறினார்.

கடையே திரும்பிப் பார்த்தது. "நல்ல பேரா இருக்கே" என்றாள் மாசமாயிருந்த இன்னொரு ஜன்னத்.

எங்கள் ஜன்னத் போனை வாங்கி அழுதாள். "பேரு போச்சு மச்சான்!"

"வேற சொல்லட்டுமா?"

"மெதுவாச் சொல்லுங்க, எல்லாரும் நிக்கிறாளுவ!"

கடைசியில் மர்ஜியா என்றே வைத்தாள். இது 2007. தெருவில் இப்போது நான்கு மர்ஜியாக்கள். ஜன்னத்தின் மகளும் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறாள்.