இரும்புச் சட்டியில் வெந்த நான்கு துண்டுகள்

என் மனைவிக்கு வலது மணிக்கட்டு முறிந்தபோது, பேரனுக்காக அவள் தைத்துவந்த போர்வையில் முப்பத்தாறு துண்டுகளில் முப்பத்திரண்டு முடிந்திருந்தன. மீதி நான்கிற்கு இன்னும் சாயமே ஏற்றவில்லை. மகள் கைக்குழந்தையோடு வெள்ளிக்கிழமை கொடைக்கானலுக்கு வருகிறாள். ஞாயிறு காலை கிளம்பிவிடுவாள். போர்வை இல்லாமல் பிள்ளையை மலையிறக்க விடமாட்டேன் என்று என் மனைவிக்குப் பிடிவாதம். அன்று திங்கள். மாவுக்கட்டுப் பிரிக்க இருபத்தொன்பது நாள் இருந்தது.

ஆகவே வேலை என் தலையில் விழுந்தது. முப்பத்தோரு வருடம் நிலம் அளந்தவன் நான். அளவைச் சொன்னால் செய்துவிடுவேன். அவளுக்கோ அளவே கிடையாது.

"தைலமர எல எத்தன கிலோ போடணும்?"

"பானைக்குக் காணுற அளவு."

"எம்புட்டு நேரம் கொதிக்கணும்?"

"வாசன மாறுற வரைக்கும்."

"என்ன வாசனையா மாறும்?"

"மூக்கு எதுக்குங்க இருக்கு, கண்ணாடி மாட்டவா?"

நானே கணக்குப் போட்டேன். அவளுடைய அலுமினியப் பானையில் ஒரு நேரத்துக்கு இரண்டு துண்டுதான் அமுங்கும். முப்பத்திரண்டையும் பதினாறு தடவையாகக் காய்ச்சியிருக்கிறாள். தேன் நிறம் முதல் துரு நிறம் வரை பதினாறு நிறம். என் நான்கு துண்டாவது ஒன்றுபோல வரட்டும் என்று கொட்டகையில் கிடந்த பெரிய இரும்புச் சட்டியை எடுத்தேன். இரண்டு கிலோ இலை, பன்னிரண்டு லிட்டர் தண்ணீர், தொண்ணூறு நிமிடம். சாயம் பிடிப்பதற்காகக் கடுக்காய்த் தண்ணீரில் அவள் முன்பே ஊறவைத்துக் காயப்போட்டிருந்த நான்கு துண்டுகளையும் உள்ளே விட்டேன்.

நான்கும் ஒன்றுபோலத்தான் வந்தன. அடுப்புக் கரியைப் போல.

அவள் துணியைப் பார்க்கவில்லை, சட்டியைப் பார்த்தாள். "கடுக்கா ஊறுன துணி இரும்பத் தொட்டா கறுக்காம என்ன செய்யும்?"

"இத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"இரும்புச் சட்டியில சாயம் காய்ச்சுற ஆளு என் வீட்டுலயே இருக்குன்னு நான் கண்டனா?"

வேறு துணி ஊறவைத்துக் காயவைத்து, சாயம் ஏற்றி மறுபடி காயவைக்க இந்த மூடுபனியில் ஐந்து நாள் ஆகும். நாலு மூலைக்கும் இதையே வைக்கச் சொன்னாள். தைப்பதும் நானே. அதற்கும் அளவு கேட்டேன்.

"ஒரு தையல் ஒரு நெல்லு நீளம்."

"எந்த நெல்லு?"

அங்குலத்துக்கு ஒன்பது தையல் என்று நானே முடிவுசெய்து, அளவுகோலை வைத்துத் தைத்தேன். துணி சுருங்கிக்கொண்டது. பிரிக்கச் சொன்னாள். ஏழாகத் தைத்தேன். மறுபடி பிரிக்கச் சொன்னாள். "துணி மூச்சு விட வேண்டாமாங்க?" மூன்று நாளில் இருநூற்றுக்கு மேல் பிரித்திருப்பேன். சனி இரவு மூன்று மூலைதான் முடிந்தது.

ஞாயிறு வெள்ளனே மகளைக் கூட்டிப்போகக் கார் வந்து நின்றுவிட்டது. நான்காவது மூலையில் ஒரு பக்கம் திறந்தே கிடந்தது. இவள் ஊசியைப் பிடுங்கி இடது கையால் குத்தினாள். பதினேழு தையல், பதினேழும் வேறுவேறு நீளம், இரண்டு கோணலாக வெளியே ஓடின. கோபத்தோடு பிரிப்பதற்குக் கத்தரியை எடுத்தேன்.

"அப்பா, வெரசா குடுங்க, குளுருது," என்று மகள் போர்வையை உருவிப் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு காரில் ஏறினாள். இவள் கட்டுப் போட்ட கையை ஆட்டி வழியனுப்பினாள். கத்தரியோடு வாசலில் நின்றது நான் மட்டும்தான்.