புல்லியில் இருந்த கோடு

எழுபதுகளின் தொடக்கத்தில் என் அக்காவின் புருஷன் ராயபுரத்தில் கார் ஷெட் வைத்திருந்தார். நான் அங்கே மெக்கானிக். தெற்கிலிருந்து வந்து திருவொற்றியூரில் அரிசி மண்டி நடத்திய முதலாளி ஒருவர் தன் காரை எங்களிடம்தான் விடுவார். ஒருநாள் டீக்கடையில் என்னிடம், "உன் வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. தனியா ஒரு ஷெட் போடேன், என் லாரி எல்லாத்தையும் உன்கிட்டயே விடுறேன்" என்றார். மாமா பக்கத்து பெஞ்சில்தான் இருந்தார். டீயை மெதுவாகக் குடித்து முடித்தார்.

கொஞ்ச நாளில் அந்தக் காருக்கு எஞ்சின் வேலை வந்தது. நான் மீஞ்சூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது மாமாவே எஞ்சினைப் பூட்டிவிட்டார். திரும்பி வந்து டைமிங் மட்டும் நான் வைத்தேன். எஞ்சினின் முன்பக்கம் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியில் ஒரு கோடு உண்டு. அதைப் பார்த்துத்தான் பிளக்கில் பொறி எப்போது விழவேண்டும் என்று சரிசெய்வோம். கோட்டில் வைத்து எண்ணூர் வரை ஓட்டினேன். பாலம் ஏறும்போது கல்லை மெல்வதுபோல் எஞ்சின் இடித்தது. பொறி முந்தி விழுந்தால் அப்படித்தான் இடிக்கும்.

காதால் கேட்டு டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன். சத்தம் நின்றது. மாமா குனிந்து பார்த்தார்.

"கோட்டுல இல்லியேடா. கம்பெனிக்காரனைவிட நீ பெரிய ஆளா? கோட்டுல வை."

வைத்தேன். கார் போன வேகத்தில் திரும்பி வந்தது. பாயிண்ட் மாற்றினேன், டைமிங் செயின் மாற்றினேன். மறுபடி இடித்தது. நான் காதால் சரிசெய்யும் ஒவ்வொரு முறையும் மாமா என்னைக் கோட்டுக்கே திருப்பினார். முதலாளியிடம், "கை கீது இவனுக்கு, மூளதான் இல்ல. அக்கா தம்பியாச்சேன்னு வச்சிகினு கீறேன்" என்றார். முதலாளி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு பகலில் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்; பாட்டரி இறங்கியிருந்தது. எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலை மாமா என் கையில் திணித்தார்.

"நீ வச்ச டைமிங்தானே, நீயே சுத்து."

"பொறி முந்துது, திருப்பி அடிக்கும் மாமா."

"பயமாக் கீதா? உங்கக்கா பொடவைய எடுத்தாரச் சொல்லவா?"

கூட வந்திருந்த முதலாளியும் சிரித்தார். சுற்றினேன். ஹேண்டில் எதிர்ப்பக்கமாக உதறியது. என் வலது மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

மாவுக்கட்டோடு ஒரு நாள் ஷெட்டுக்குப் போனேன். அந்தக் கார் அங்கேயே நின்றது. இடது கையால் பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் ஒரு சைக்கிள் கம்பியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும்வரை எஞ்சினை மெல்லச் சுற்றினேன். உச்சிக்கு வந்தபோது புல்லியின் கோடு குறிக்கு நேராக நிற்காமல் ஒரு விரற்கடை தள்ளி நின்றது. அது வேறு ஏதோ எஞ்சினின் புல்லி.

"புல்லி மாறிக்கீது மாமா" என்றேன்.

"தெரியும். மாட்டுனவன் நான்தானே."

அன்று சாயங்காலம் அக்கா பன் வாங்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். கை எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. "போலீசு கீலீசுன்னு போயிடாதடா. எனுக்கு ரெண்டு பொண்ணு கீது" என்றாள். போகமாட்டேன் என்றேன். உடனே எழுந்து போய்விட்டாள்.

மாமா சரியான புல்லியை மாட்டி, தானே கோளாறைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி முதலாளியிடம் காரை ஒப்படைத்தார். லாரிகளும் அவரிடமே வந்தன. என் எலும்பு கோணலாகக் கூடியது. ஸ்பேனரை இறுகப் பிடிக்க முடியவில்லை. எர்ணாவூரில் ஒரு இரும்புத் தொழிற்சாலையின் ஸ்டோரில் ஆணி எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனேன்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டில் சாப்பிட்டேன். என் தட்டில் விழுந்த கறித்துண்டைப் பார்த்துவிட்டு மாமா அக்காவிடம் சொன்னார், "சின்னதா அறுத்துப் போடு. அவனால பிக்க முடியாது."

அக்கா அறுத்துப் போட்டாள். சாப்பிட்டேன்.