காய்ந்த கண்ணும் மேனேஜரின் மூக்கும்

எங்கள் டிரைவர் குடிக்க மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒருத்தரும் நம்புவதில்லை. நான் அவர் பஸ்ஸில் கண்டக்டர். வருடக்கணக்காக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். சோடா குடித்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற ஆள் அவர். ஆனால் கண் இரண்டும் எந்நேரமும் சிவந்து கிடக்கும், மணல் விழுந்ததுபோல் உறுத்தும், எதிர்க்காற்று பட்டால் நீராகக் கொட்டும். டிப்போவில் அவருக்குப் பெயரே ‘பிரேக் லைட்’.

சிவந்த கண்ணோடு ஒருவன் ஸ்டீயரிங் பிடித்தால் உலகத்துக்குத் தெரிந்தது ஒரே காரணம்தான். மேனேஜர் தினமும் காலையில் “என்னப்பா, சாப்டியா?” என்று அன்பாக விசாரித்துக்கொண்டே மூக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவார். அந்த மூக்குக்குத் தனிச் சம்பளமே கொடுக்கலாம். ஊதுகிற மெஷின் ஒன்றும் காட்டாவிட்டால் மெஷினைத் தட்டிப் பார்ப்பாரே தவிர, தன் மண்டையைத் தட்டிப் பார்க்க மாட்டார். டிரைவரின் சொந்த மச்சானோ குடியை நிறுத்தும் மருந்து விளம்பரத்தை போனில் அனுப்பிவைத்தான். கடைசியில் யாரோ ஒரு பயணி புகார் கொடுக்க, மேனேஜர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

“இந்த மாசத்துக்குள்ள கண்ணு தெளியணும். இல்லன்னா வண்டி கிடையாது. ஷெட்ல பஸ் கழுவு.”

அன்றிலிருந்து நாங்கள் டாக்டர்களைப் பார்க்கக் கிளம்பினோம். ஒருவர் அலர்ஜி என்றார். இன்னொருவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கண்ணாடிக் கடையும் அவருடையதுதான், அதே மாடியில். மூன்றாமவர் டார்ச்சை அடித்துவிட்டு, “கண்ணு பளிச்சுன்னு இருக்கே, சும்மா பயப்படாதீங்க” என்று அடுத்தவரைக் கூப்பிட்டார். பளிச்சென்று இருக்கிறதா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாசல்வரை சிவந்திருந்த கண் உள்ளே போனதும் எப்படி வெளுக்கும்?

நான்காவது இடத்தில்தான் பிடிபட்டது. வரிசையில் எங்கள் முறை வரும் நேரம், பிரேக் லைட் சீப்பை எடுத்துத் தலை வாரினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி பாட்டிலை எடுத்துக் கண்ணில் விட்டுக்கொண்டார். மருந்துக்கடைக்காரன் சிவப்பு போக விற்கிற சொட்டு மருந்து. ஐந்து நிமிடத்தில் கண் பால் மாதிரி ஆகிவிட்டது. அரை மணி நேரம்தான் தாங்கும், ஒரு டிரிப்புக்குக்கூடக் காணாது.

“என்னண்ணே இது! வியாதிய மறைச்சு வச்சுட்டா டாக்டர் எதைப் பாப்பாரு?”

“டாக்டரும் மோந்து பாத்துட்டா?” என்றார், தலையைக் குனிந்துகொண்டே.

எனக்கு வந்த கோபம் அவர்மேல்தான் முதலில் வந்தது. பிறகு அது மேனேஜரின் மூக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

உள்ளே இருந்த டாக்டரம்மா சிடுசிடுப்பானவர். பாட்டிலை வாங்கிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “இதை விடவிட சிவப்பு ஜாஸ்தியாத்தான் ஆகும். நிறுத்துங்க. பத்து நாள் கழிச்சு வாங்க. எவ்வளவு சிவந்தாலும் அப்படியே வரணும்” என்றார்.

அந்தப் பத்து நாளும் கண்கள் கோவைப்பழமாக இருந்தன. மேனேஜர் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டார். பிரேக் லைட் பஸ் கழுவினார். எதிரே போனவனெல்லாம் ‘அச்சச்சோ’ என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனான்.

மறுபடி போனபோது டாக்டரம்மா கீழிமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகிக் காத்திருந்தார். பட்டையின் நுனிகூடச் சரியாக நனையவில்லை. இமை ஓரத்தை அழுத்தினார். கண் காயாமலிருக்க இமை சுரக்கிற எண்ணெய் பேஸ்ட் மாதிரி வந்தது.

“கண்ணு காஞ்சு கிடக்கு. அந்த எரிச்சல்லதான் காத்து பட்டா தண்ணி கொட்டுது, ஆனா அது கண்ணுல நிக்காது. முகத்துக்கு நேரா ஃபேன் வச்சிருக்கீங்களா?”

வைத்திருந்தார். தூக்கம் வராமலிருக்க, ஸ்டீயரிங் பக்கத்திலேயே. டாக்டரம்மா அதை வேறு பக்கம் திருப்பச் சொன்னார். தினமும் இமைமேல் வெந்நீர்த் துணி, இமை ஓரத்தைத் துடைப்பது, கண்ணீருக்குப் பதிலாக விடும் சொட்டு மருந்து. “முழுசாப் போகாது, ஆனா கட்டுப்படும். விடாம செய்யணும்” என்றார். ஒருத்தர் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடுகிற வியாதிக்கு இத்தனை கூத்து.

இரண்டு மாதம் ஷெட்டில் கழிந்தது. கண் தெளிந்தது. டாக்டரம்மா எழுதித் தந்த சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் நின்றோம். அவர் அதைப் பிரிக்கக்கூட இல்லை. டிரைவரின் முகத்தைப் பார்த்தார், தோளில் தட்டினார், டிப்போவே கேட்கும்படி சொன்னார்:

“பாத்தியா! குடிய விட்டதும் கண்ணு எப்படித் தெளிஞ்சிருச்சு!”

நான் வாயைத் திறப்பதற்குள் பிரேக் லைட் முந்திக்கொண்டார்.

“ஆமா சார். விட்டுட்டேன்.”

சாவி கைக்கு வந்தது. வண்டிக்குள் ஏறியதும் கத்தினேன்: “குடிக்காத குடிய எப்படிண்ணே விட்டீங்க?”

அவர் ஃபேனைத் தன் முகத்திலிருந்து என் பக்கம் திருப்பினார்.

“வண்டி வேணும்ல” என்றார். “விசில் அடி.”