எக்ஸைலம்

சேலத்தில் தமிழ் வழியில் பள்ளி முடித்தவள் நான். கல்லூரியில் எனக்குத் தாவரவியல் நடத்தியவர் எப்படி உச்சரித்தாரோ, அப்படியே மனப்பாடம் செய்து பட்டம் வாங்கினேன். எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு சிறிய பெண்கள் கல்லூரியில் வேலை கிடைத்தது. பாடம் முழுக்க ஆங்கிலத்தில்தான். தமிழில் ஒரு வரி கேட்டால்கூடப் பிரின்ஸிபால் வராந்தாவில் நின்றுவிடுவார்.

இரண்டாம் ஆண்டு செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தார். கொண்டை ஊசி வளைவுகள் வயிற்றைப் புரட்டியதில், எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே லேபுக்குள் நுழைந்தார். முதல் மேஜையில் மாரமங்கலத்துப் பெண். தண்டை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்திருந்தாள். தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்கள் சிவப்பாகத் தெரிந்தன. அது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“எக்ஸைலம், சார்.”

அவர் சிரித்துவிட்டார். “எக்ஸ்ல ஆரம்பிச்சாலும் ஸைலம்னுதான் சொல்லணும்மா. யாரு இப்படிச் சொல்லிக்குடுத்தது?”

எனக்குக் காது மடல் சுட்டது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “நானாத்தானுங்க சார் தப்பாப் படிச்சுட்டேன்” என்றாள்.

அடுத்த மேஜையிலும் எக்ஸைலம். அதற்கடுத்தும் அதேதான். கடைசியாக, காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகள். மிஷன் பள்ளியில் படித்தவள். ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. கேட்டதற்கெல்லாம் சரளமாகப் பதில் சொல்லிவந்தவள், அந்த இடத்தில் மட்டும் எக்ஸைலம் என்றாள். தேர்வாளர் இப்போது சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நாந்தாங்க சார் சொல்லிக்குடுத்தேன்” என்றேன். ஆங்கிலத்தில் சொல்ல வாய் எழவில்லை.

“பரவாயில்லைங்க மேடம், மார்க்கைக் குறைக்கமாட்டேன்” என்று என்னிடமும் தமிழிலேயே சொன்னார். அது இன்னும் கூச்சமாக இருந்தது.

எல்லோரும் போனபின் ரைட்டரின் மகளை நிறுத்திக் கேட்டேன். “உனக்குச் சரியான உச்சரிப்பு தெரியாதா, கண்ணு?”

“தெரியுமுங்க மேடம். போன வருசமே தெரியும்.”

“அப்புறம் ஏன்?”

“நான் மட்டும் வேற மாதிரி சொன்னா உங்களுக்கு நொம்பச் சங்கடமாப் போயிருமுங்களே. ஹாஸ்டல்ல எல்லாருக்குந்தான் தெரியும்.”

ஒரு வருடமாக வகுப்பு முழுவதும் எனக்காகத் தப்பாகச் சொல்லி வந்திருக்கிறது. முகத்துக்கு நேரே சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன்பிறகு வகுப்புக்கு முன் அவளிடம் பாடத்தின் சொற்களைப் படித்துக்காட்டுவேன். மெதுவாகத் திருத்துவாள். திருத்தும்போதெல்லாம் தரையைப் பார்ப்பாள். நானும்தான்.