இடது கையில் நாடி இல்லை

லாக் அண்ட் கீ விளையாட்டில் எங்கள் பிளாக் பிள்ளைகள் யாரும் என்னைப் பிடித்ததே இல்லை. அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. துரத்துகிறவள் நெருங்கும்போது 'லாக்' என்று சொல்லிக் குந்திவிட்டால் அவள் தொடக்கூடாது. நம் பக்கத்து ஆள் ஒருத்தி வந்து 'கீ' என்று தொட்டுவிட்டால் எழுந்து ஓடலாம். எனக்கோ பத்தடி ஓடினாலே மூச்சு முட்டும், உதடு நீலம் பாரிக்கும், குந்தினால்தான் சரியாகும். 'லாக்' சொல்ல மூச்சு ஏது? சொன்னதாக அவர்களே வைத்துக்கொண்டார்கள். எண்பதுகளில், ஆவடியில் அப்பா வேலை பார்த்த ராணுவத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அது.

பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. அதைவிடப் பெரிய தொல்லை, நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் பேனா ரீஃபில் கனம்தான் இருந்தது. குழாய் பருத்தால்தான் ஓட்டையை அடைக்க முடியும், ரத்தம் நிறைய ஓடினால்தான் குழாய் பருக்கும் என்றார் டாக்டர். அதற்காக, இடது கைக்குப் போகும் ரத்தக்குழாயை வெட்டி நுரையீரல் பக்கம் திருப்பி வைப்பார்களாம். ஓட்டையை இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கலாமாம். அப்பா லேத் ஓட்டுகிறவர். எந்தத் துளையையும் அரைமணியில் பெரிதாக்கிவிடும் மனிதருக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை. "அப்போ கைக்கு சார்?" என்று மட்டும் கேட்டாராம். கை சுற்றுவழியில் வாங்கிக்கொள்ளும் என்று பதில் வந்தது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த சங்கதி. எட்டு வயதில் நான் கண்டது, ஆபரேஷன் ஆன மூன்றாம் மாதம் உதடு சிவந்ததும், குந்தாமலே பிளாக்கைப் பாதிச் சுற்று ஓட முடிந்ததும்தான். இனி நிஜமாகவே விளையாடலாம் என்று தலைகால் புரியவில்லை.

அந்த வாரம் பார்த்து மேல்வீட்டு அக்கா பள்ளிக்கூடத்தில் முதலுதவி கற்றுக்கொண்டு வந்தாள். மாடிப்படியில் எங்களை வரிசையாக உட்காரவைத்து ஒவ்வொருத்தியாக நாடி பார்த்தாள். என் வலது கையில் பாதி தின்ற கொய்யா இருந்தது. இடது கையை நீட்டினேன். அழுத்தினாள், விரலை மாற்றி வைத்துப் பார்த்தாள், முகம் போன போக்கே சரியில்லை.

"இன்னாடி இது, ஒண்ணுமே அடிக்கல? இவளுக்கு நாடியே இல்லடி!"

"செத்தவங்களுக்குத்தான அது இருக்காது?" என்றாள் ஒருத்தி.

"அய்யே, கிட்ட போவாதீங்க!"

கொய்யாவைப் போட்டுவிட்டு வலது கையை நீட்டியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் வித்தியாசம் இருக்கும் என்று எனக்கு எங்கே தெரியும்? மறுநாளிலிருந்து யாரும் என்னைக் கூப்பிடவில்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை, நான் போய் நின்றால் ஆட்டம் வேறு பிளாக்குக்கு நகர்ந்துவிடும், அவ்வளவுதான். மூச்சு முட்டிய காலத்தில்கூட நான் அப்படித் தனியாக இருந்ததில்லை.

வீட்டில் அம்மாவுக்கு ஒரு வழக்கம் வந்திருந்தது. தினமும் காலையில் அடுப்பு பற்றவைக்குமுன் என் இடது தோளுக்குக் கீழே நெஞ்சில் காதை வைத்துக்கொள்வாள். கொஞ்சுகிறாள் என்று நான் கூச்சத்தில் நெளிவேன். திருப்பிவிட்ட குழாயில் ரத்தம் ஓடும் வரைக்கும் அங்கே ஓயாமல் ஒரு இரைச்சல் கேட்கும் என்றும், அது நின்றால் குழாய் அடைத்துவிட்டதென்று அர்த்தம், உடனே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்றும் ஆஸ்பத்திரியில் அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். குழாய் பருத்து, ஓட்டையையும் அடைத்த பிறகுதான் இதை என்னிடம் சொன்னாள்.

ஒரு சாயங்காலம் பொறுக்கமுடியாமல் ஆட்டத்துக்கு நடுவே நானாகவே போய் ஓடினேன். யாரும் துரத்தவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக உரக்க "லாக்!" என்று கத்திவிட்டுக் குந்தினேன். நிறைய மூச்சு இருந்தது. கீ கொடுக்கத்தான் யாரும் வரவில்லை. எழுந்தால் ஆட்டம் தோற்றதாகிவிடும் என்று குந்தியே இருந்தேன். தொழிற்சாலைச் சங்கு ஊதியது, பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள், கால் மரத்துப்போனது.

அப்போதுதான் அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். நான் குந்தியிருந்த கோலத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. கையிலிருந்த மண்ணெண்ணெய் டின்னை அப்படியே போட்டுவிட்டு, செருப்பு ஒரு பக்கம் தெறிக்க ஓடி வந்தாள். என்னைக் கட்டிப்பிடித்து, சட்டையை விலக்கி நெஞ்சில் காதை அழுத்தினாள். எனக்கோ, கடைசியில் ஒருத்தியாவது வந்து தொட்டாளே என்று ஆனந்தம் தாங்கவில்லை.

"ஓடுது," என்றாள், அழுதுகொண்டே. "ஓடுது, ஓடுது."

"அப்படிச் சொல்லக்கூடாதும்மா," என்றேன். "'கீ'ன்னு சொல்லணும்."